செண்பகத்தின் வீட்டுக்காரர்

1

இன்று காலை என் மனைவி செண்பகம் என்னை விட்டுவிட்டு ரயில் ஏறிப் போனாள். பயப்பட ஒன்றுமில்லை, சாயங்காலம் வந்துவிடுவாள். பதின்மூன்று வயது மகள் மீனாவும் கூடப் போயிருக்கிறாள். பக்கத்து ஊரில் பெரியவர்கள் படிக்கிற பள்ளி ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு கூட்டத்துக்கு முன்னால் நின்று, வீட்டில் குப்பை சேராமல், தண்ணீர் வீணாகாமல் குடும்பம் நடத்துவது எப்படி என்று ஒரு மணி நேரம் பேசப் போகிறாள். அதுவும் ஜெர்மன் மொழியில்.

இன்றோடு அவளும் மீனாவும் இந்த ஊருக்கு வந்து ஒன்பது வருஷம். விமான நிலையத்தில் நகரும் படியில் கால் வைக்கப் பயந்து, சேலையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, "நான் நடந்தே வாரேன்" என்று நின்றவள் அவள்.

"இந்தாங்க, சோறு வச்சிருக்கேன். போட்டுச் சாப்பிடுங்க. மிச்சத்தைக் கொட்டிராதீங்க" என்று வாசலில் நின்று சொன்னாள். நானும் வருகிறேன் என்று நான் சொல்லவில்லை. வாருங்கள் என்று அவளும் கூப்பிடவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வாத்தியாராக இருக்கும் என் மைத்துனன் முருகன் போன மாதம் ஒரு கடிதம் போட்டிருந்தான். அவர்கள் பள்ளி மலருக்கு நான் ஒரு கட்டுரை எழுத வேண்டுமாம். "வெளிநாட்டுல எம்புட்டுச் சுத்தமா இருக்காங்க, குப்பையை எப்படிப் பிரிக்காங்க, நாம அவங்ககிட்டக் கத்துக்க வேண்டியது என்னன்னு எழுதுங்க அத்தான்" என்று கேட்டிருந்தான். உட்கார்ந்தேன். நான்கு வரி எழுதினேன். நான்கும் பொய். கிழித்துப் போட்டேன். எனக்குத் தெரிந்தது இந்த ஒரு விஷயம்தான். என் பெண்டாட்டி மேல் எனக்குப் பொறாமை. அதை எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் முருகன் இஷ்டம்.

2

எண்பதுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் ஒரு வளவில் குடியிருந்தோம். ஒரே முற்றத்தைச் சுற்றி ஆறு வீடுகள், நடுவில் முனிசிபாலிட்டிக் குழாய் ஒன்று. நான் நூல் மில்லில் ஃபிட்டர். தலையிலும் புருவத்திலும் பஞ்சோடு வீட்டுக்கு வருவேன். செண்பகம் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துப் பெண். பன்னிரண்டு கிலோமீட்டர்தான் தூரம். ஆனால் அந்த வருஷங்களில் எங்கள் குழாய்க்கும் அவர்கள் குழாய்க்கும் பெரிய வித்தியாசம். எங்களுக்கு மூன்று நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வரும். வந்தால் ஒரு மணி நேரம். மலையில் மழை பொய்த்துவிட்டால் அதுவும் கிடையாது.

தண்ணீர் வரும் அன்று வளவில் குடங்கள் பறக்கும். உண்மையாகவே பறக்கும். கல்யாணமாகி வந்த மூன்றாவது மாதம் ஒரு பித்தளைக் குடம் செண்பகத்தின் தோளில் பட்டு வீங்கியது. மில்லிலிருந்து வந்த நான் கத்தினேன்: "எவ எறிஞ்சா? சொல்லு, ரெண்டுல ஒண்ணு பாத்திருதேன்." அவள் சொல்லவில்லை. மறுநாள் மற்ற ஐந்து வீட்டுக்கும் போய் ஏதோ பேசினாள். அடுத்த முறை தண்ணீர் வந்தபோது சண்டை இல்லை. வீட்டுக்கு ஐந்து குடம், பிறகு அடுத்த வீடு. இன்று முதலில் பிடித்தவர்கள் அடுத்த முறை கடைசி. கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு ஒரு குடம் கூடுதல். இவ்வளவுதான் அவள் செய்த ஏற்பாடு. இதை வேறு யார் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். நானே சொல்லியிருக்கலாம். அவள் சொன்னாள்.

குழாய்க்கடியில் சிந்துகிற தண்ணீருக்கு ஒரு அகலப் பானையைப் புதைத்து வைத்தாள். அரிசி கழுவிய தண்ணீர் மங்கம்மா அக்காவின் எருமைக்குப் போனது. மங்கம்மா அக்கா எங்கள் எதிர்வீட்டுக்காரி, வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். குளித்த தண்ணீர் சிறு வாய்க்கால் வழியாக முற்றத்து ஓரத்தில் இருந்த வாழைக்குப் போனது. பழைய சேலை முதலில் தலையணை உறை ஆகும், உறை நைந்தால் பை, பை கிழிந்தால் அடுப்பிலிருந்து சட்டி இறக்கும் துணி. பீர்க்கங்காய் வாங்கினால் காய் கூட்டுக்கு, தோல் துவையலுக்கு. எங்கள் வீட்டில் குப்பை என்று வெளியே போனது எது என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

எனக்கு இதெல்லாம் மானக்கேடாக இருந்தது. மில்லில் என்னைக் கேலி செய்தார்கள். "ஏலே கணேசா, உங்க வீட்டுல மூஞ்சி கழுவுன தண்ணியையும் அளந்துதான் கீழ விடணுமாமே?" எல்லோரும் சிரிக்கும்போது நானும் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அவளிடம் எரிந்து விழுவேன். தண்ணீரைத் திறந்தால் நிற்காமல் கொட்டுகிற ஊர் ஒன்று இருக்கும், அங்கே போய்விட வேண்டும் என்று மனசுக்குள் வைத்திருந்தேன்.

ஆனால் உண்மையில் என்னைக் குடைந்தது அந்தக் கேலி அல்ல. ஒரு நாள் வளவின் சொந்தக்காரர் வந்திருந்தார். நான் ஷிப்ட் முடிந்து சைக்கிளை நிறுத்தினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மங்கம்மா அக்காவிடம் கேட்டார்: "இவருதான் செண்பகத்தோட வீட்டுக்காரரா?"

"அவரேதான்" என்றாள் மங்கம்மா அக்கா. "நல்ல மனுஷன்தான்."

நல்ல மனுஷன்தான்! அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்தவன் நான். மில்லில் ஒன்பது வருஷ சர்வீஸ். மூன்று நாளைக்கு ஒரு தடவை ஒரு மணி நேரம் ஒழுகுகிற குழாயை வைத்து அவள் என்னை அந்தத் தெருவில் இரண்டாம் ஆளாக ஆக்கிவிட்டாள்.

3

மில்லுக்கு ஜெர்மனியிலிருந்து புது மெஷின்கள் வந்தன. மாட்டிக் கொடுக்க இரண்டு பேர் வந்து எட்டு மாதம் தங்கினார்கள். அவர்களோடு சேர்ந்து வேலை பார்த்ததில் ஸ்பானரில் ஆரம்பித்து வசவு வரைக்கும் அவர்கள் மொழி எனக்குப் படிந்தது. அந்த மெஷின் கம்பெனியே பிறகு என்னைக் கூப்பிட்டுக்கொண்டது. எண்பத்தைந்தில் நான் தனியாக வந்தேன். இரண்டு வருஷம் கழித்து அவர்களை வரவழைத்தேன்.

வந்த வாரம் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப் போனேன். "குடும்பப் பெயர்?" என்று அதிகாரி கேட்டார். எங்கள் பக்கத்தில் அப்படி ஒன்று இல்லை என்று விளக்கினேன். ஒரு கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்றார் அவர். கணேசன் என்று எழுதினேன். அன்றிலிருந்து கடிதங்களிலும் கதவிலும் ஆஸ்பத்திரியிலும் அவள் கணேசன் அம்மையார். "எம் பேரு எங்க போச்சு?" என்று கேட்டாள். "அது சின்ன எழுத்துல பின்னால இருக்கு" என்றேன். அற்ப சந்தோஷம்தான். ஆனால் நிஜமான சந்தோஷம். இங்கே அவள் என் பேரில்தான் இருக்க வேண்டும்.

கொஞ்ச நாள் அப்படியே இருந்தது. கடைக்கும் பள்ளிக்கும் டாக்டரிடமும் நான் இல்லாமல் அவளால் வாய் திறக்க முடியாது. நான் குழாயை முழுதாகத் திறந்துவிட்டுச் சவரம் செய்தேன். காகிதத் துண்டில் கை துடைத்தேன். கடையில் கொடுத்த பிளாஸ்டிக் பைகளை வாங்கி வாங்கி எறிந்தேன். குளியலறையில் வெந்நீர் வரும் வரைக்கும் ஓடுகிற பச்சைத் தண்ணீரை அவள் வாளியில் பிடித்து வைப்பாள். "இது ராஜபாளையம் இல்லட்டி!" என்று சத்தம் போடுவேன். "தண்ணி தண்ணிதானங்க" என்பாள்.

பிறகுதான் இந்த ஊர்க்காரர்களுக்குக் குப்பையைப் பற்றிக் கவலை வந்தது. தொட்டிகள் பெருகின. காகிதத்துக்கு ஒன்று, காய்கறிக் கழிவுக்கு ஒன்று, மற்றதற்கு ஒன்று, டப்பா உறைகளுக்கு ஒரு மஞ்சள் சாக்கு. கண்ணாடிப் புட்டிகளை நிறம் பிரித்துத் தெருமுனையில் போட வேண்டும். பன்னிரண்டு பக்கத்துக்கு ஒரு விளக்கப் புத்தகம் வீடு தேடி வந்தது. அதை நான் படித்துச் சாக்கைக் கட்டி வாசலில் வைத்தேன். வண்டிக்காரர்கள் அதன் மேல் சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டு, எடுக்காமல் போய்விட்டார்கள். தெருவே பார்க்க மூன்று நாள் அது எங்கள் வாசலில் கிடந்தது. ஒரு வார்த்தையை நான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தேன்.

செண்பகம் சாக்கை உள்ளே இழுத்து வந்து தரையில் கொட்டினாள். அந்த மொழியில் ஒரு எழுத்துப் படிக்கத் தெரியாமல், ஒவ்வொன்றையும் தொட்டும் கசக்கியும் மோந்தும் பார்த்துப் பிரித்தாள். அடுத்த வாரம் சாக்கு மறு பேச்சில்லாமல் போனது. அந்த வாரம் மட்டுமல்ல, அதற்குப் பிறகு எங்கள் மஞ்சள் சாக்கு பாதிகூட நிறைவதில்லை.

அதைக் கவனித்தவர் மேல் மாடியில் இருந்த ஹெல்கா. ஓய்வு பெற்ற ஆசிரியை. ஒரு நாள் மாடிப்படியில் செண்பகத்தின் கையிலிருந்த பையைத் தொட்டுப் பார்த்தார். அவள் கல்யாணச் சேலைகளில் ஒன்று, மாம்பழ நிறம், பையாகியிருந்தது. "இது என்ன துணி?" என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். "இதை இவர்களே தைத்தார்களா?" சொன்னேன். ஒரு மாதத்துக்குள் அந்தக் கட்டடத்தில் நாலு பேர் கையில் எங்கள் வீட்டுப் பழைய சேலைகள் பையாகத் தொங்கின. ஹெல்கா பீர்க்கங்காய்த் தோல் கிடைக்காமல் உருளைக்கிழங்குத் தோலில் துவையல் அரைக்கப் பார்த்தார். நான் அந்தத் தெருவில் ஏழு வருஷமாக எல்லோருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தவன். ஒருவரும் என்னை வீட்டுக்குள் கூப்பிட்டதில்லை. பாஷை தெரியாத இவளைக் கையைப் பிடித்து இழுத்துப் போனார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரொட்டிக் கடையில் வரிசையில் நின்றேன். கடைக்காரப் பெண் சிரித்தபடி கேட்டாள்: "நீங்கள்தானே ஷென்பாவின் கணவர்?"

ஐயாயிரம் மைல் தாண்டி வந்த பிறகும்!

4

அதற்கு அடுத்த வாரம் நான் அதைச் செய்தேன்.

நானும் செண்பகமும் கடையிலிருந்து வந்துகொண்டிருந்தோம். ஹெல்கா படியில் இறங்கி வந்தார். முகம் மலர்ந்திருந்தது. ஊர் மண்டபத்தில் குப்பையைக் குறைப்பது பற்றி ஒரு நாள் நிகழ்ச்சி நடக்கிறது, உங்கள் மனைவி வந்து பதினைந்து நிமிஷம் அவர் செய்கிறதைச் செய்து காட்ட வேண்டும், பேச வேண்டியதில்லை, நீங்கள் பக்கத்தில் நின்று சொன்னால் போதும் என்றார். ஊர்த் தலைவரிடம்கூடச் சொல்லிவிட்டாராம்.

செண்பகம் என் முகத்தைப் பார்த்தாள். "என்ன சொல்லுதாங்க?"

நான் சொன்னேன்: "இந்த வாரம் படிக்கட்டு தொடைக்கிற முறை நம்மளுதாம். அதை ஞாபகப்படுத்துறாங்க." எங்கள் கட்டடத்தில் வாரத்துக்கு ஒரு வீடு பொதுப் படியைத் துடைக்க வேண்டும். அது நிஜம்.

"நேத்தே தொடச்சிட்டேனே" என்றாள் பதறிப் போய். "சரியா இல்லையோ? இன்னொரு தடவை தொடைக்கேன்னு சொல்லுங்க."

நான் ஹெல்காவிடம் திரும்பினேன். "அவளுக்கு விருப்பமில்லை. இதெல்லாம் எங்கள் ஊரில் வசதி இல்லாதவர்கள் செய்கிற காரியம். அதை நாலு பேர் முன்னால் காட்டச் சொல்வது அவளுக்கு அவமானமாக இருக்கிறதாம்."

ஹெல்காவின் முகம் வாடியதை நான் பார்த்தேன். அவர் செண்பகத்தைப் பார்த்தார். துடைத்துவிடுகிறேன் என்று உறுதி சொல்கிற மாதிரி செண்பகம் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாள். ஹெல்கா மன்னிப்புக் கேட்டுவிட்டு மேலே போய்விட்டார்.

அப்போதுதான் மீனாவைப் பார்த்தேன். பள்ளிப் பையோடு இரண்டு படி கீழே நின்றிருந்தாள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. இரண்டு மொழியும் எங்கள் இருவரையும்விட அவளுக்கு நன்றாகத் தெரியும். என்னை ஒரு பார்வை பார்த்தாள். எங்களைத் தாண்டி வீட்டுக்குள் போனாள்.

அன்று சாயங்காலம் செண்பகம் மூன்று மாடிப் படியையும் சோப்புப் போட்டுத் துடைத்தாள். நான் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹெல்கா அதன் பிறகு தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போவார். புண்படுத்திவிட்டோம் என்று அவருக்குச் சங்கடம். செண்பகத்துக்கோ வேறு நினைப்பு. "ஏங்க, படி இன்னும் சரியா இல்லையோ? முந்தி மாதிரி அவிய நின்னு பேச மாட்டேங்காங்களே" என்பாள். எங்கள் முறை இல்லாத வாரங்களிலும் துடைக்க ஆரம்பித்தாள். குளிரில் விரல் வெடித்தது. எட்டு மாதம். நான் சொல்லியிருக்கலாம். தினமும் ஷூவைக் கழற்றும்போது சொல்ல நினைப்பேன். சொல்லவில்லை.

அன்றிலிருந்து மீனா என்னோடு தமிழில் பேசுவதில்லை. நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வரும். பிள்ளைகள் வெளிநாட்டில் இப்படித்தான் ஆகும் என்று ஊருக்கு எழுதிய கடிதத்தில் வருத்தப்பட்டு எழுதினேன். அவள் அம்மாவோடு தமிழில்தான் பேசினாள் என்பதை எழுதவில்லை.

5

தொண்ணூற்று மூன்று கோடையில் ஊருக்கு வந்தோம். முதலில் மடவார் வளாகத்தில் மாமனார் வீடு. முருகனுக்குக் கல்யாணமாகி செல்வி வந்திருந்தாள். மீனாவைச் சுற்றித் தெருப் பிள்ளைகள். எதைக் கேட்டாலும் அவள் என் முன்னால் ஜெர்மனில்தான் பதில் சொன்னாள். நான் பெருமையாக மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் எல்லோரும் தரையில் இலை போட்டு உட்கார்ந்திருந்தோம். செல்வி குழம்பை ஊற்றியபடி மீனாவிடம் கேட்டாள்: "அங்க மாடி வீட்டுல ஒரு டீச்சரம்மா இருக்காங்களாமே. அம்மா கடுதாசில எழுதுவாங்க. நல்லாப் பேசுவாங்களா உன்கூட?"

மீனா ஜெர்மனில் சொன்னாள்: "அவர் எங்களோடு பேசுவதில்லை. ஏன் என்று அப்பாவுக்குத் தெரியும்."

"ரொம்ப நல்லாப் பேசுவாங்களாம்" என்றேன் நான்.

மீனா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு தமிழில், வார்த்தை வார்த்தையாக நிறுத்திச் சொன்னாள்: "நான் அப்படிச் சொல்லலை. அப்பா மாத்திச் சொல்றாங்க. அன்னைக்கும் மாத்திச் சொன்னாங்க. படியில வச்சு."

முருகன் சிரித்தான். யாரும் சேர்ந்து சிரிக்காததால் நிறுத்திக்கொண்டான். செண்பகம் பிசைந்த கையோடு நிமிர்ந்தாள். "என்ன படி? முழுசாச் சொல்லு."

மீனா முழுசாகச் சொன்னாள். ஹெல்கா சொன்னதை ஹெல்கா சொன்ன மாதிரியே, நான் சொன்னதை நான் சொன்ன மாதிரியே, ஒரு சொல்கூட விடாமல். எட்டு மாதமாக அதை மனப்பாடம் செய்து வைத்திருந்தவள் போலச் சொன்னாள்.

செண்பகம் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அப்ப நான் இம்புட்டு நாளும் படி தொடச்சது?"

நான் இலையில் இருந்த சோற்றைப் பிசைந்தேன்.

"என்ன அத்தான் இது?" என்று முருகன் எழுந்துவிட்டான். குரலில் கோபம் ஏறியிருந்தது.

"நீ உக்காரு முருகா" என்றாள் செண்பகம். "அவிய சாப்பிடட்டும். எல்லாரும் சாப்பிடுங்க." தன் இலையில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். அவள் வாழ்நாளில் அவ்வளவு கஷ்டப்பட்டுச் சாப்பிட்ட சாப்பாடு அதுவாகத்தான் இருக்கும்.

மறுநாள் ராஜபாளையத்துக்கு பஸ் ஏறினோம். அவளும் மீனாவும் முன்னால் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். நான் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இறங்கும் வரை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பழைய வளவுக்குப் போக வேண்டும் என்றாள் செண்பகம். போனோம். குழாய் துருப்பிடித்து நின்றது. ஆழ்குழாய்க் கிணறு போட்டு மோட்டார் வைத்துவிட்டார்கள். ஆறு வீட்டிலும் உள்ளேயே தண்ணீர். மங்கம்மா அக்கா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். எருமையை விற்றுவிட்டாளாம், பால் இப்போது பாக்கெட்டில் வருகிறதாம். வளவு வாசலில் சாக்கடை ஓரமாக வெள்ளையும் ரோஸுமாகப் பிளாஸ்டிக் கவர்கள் குவிந்து அடைத்துக் கிடந்தன. "கவர் வந்த பொறவு பையை யாரம்மா தூக்கிட்டுப் போறா?" என்றாள் மங்கம்மா அக்கா. "நீ இருந்தா எங்களை விட்டிருக்க மாட்டே. ரா, வா, உள்ள வந்து உக்காரு." மீனா அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காப்பி போட அக்கா உள்ளே போனதும் செண்பகம் குழாயடிக் கல்லில் உட்கார்ந்தாள். நான் நின்றேன்.

"ஏன் அப்படிச் செஞ்சீங்க?"

வழி நெடுக எத்தனையோ காரணம் யோசித்து வைத்திருந்தேன். உனக்குக் கூட்டம் பழக்கமில்லை, கேலி செய்வார்கள் என்று பயந்தேன், இப்படி. வாயைத் திறந்ததும் வேறு வந்தது. "பொறாமை."

"யார் மேல?"

"உம்மேலதான்."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "எம்மேலயா? என்கிட்ட என்ன இருக்கு?"

அந்தக் கேள்வியை அவள் நிஜமாகவே கேட்டாள். வேலை என்னுடையது, வீடு என் பேரில், கதவில் தொங்குகிற பேரும் என்னுடையது. தன்னிடம் ஒருவன் பொறாமைப்பட என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. நான் சொன்னேன். இந்த வளவு, அந்தக் குடங்கள், வளவுக்காரர் கேட்டது, ரொட்டிக் கடையில் கேட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகத்தில் கோபம் அப்படியேதான் இருந்தது. ஆனால் அதற்கு அடியில் வேறொன்று மெல்ல வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பெருமை. மறைக்கப் பார்த்தாள்; முடியவில்லை. அதைப் பார்த்ததும், சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கு மறுபடியும் பொறாமையாக இருந்தது.

"திரும்பிப் போனதும் நான் அந்த பாஷையைப் படிக்கணும்" என்றாள். "நீங்க சொல்லித் தர வேண்டாம். வேற ஆள்கிட்டப் படிச்சுக்கிடுதேன்."

6

மொழி வகுப்பில் சேரப் படிவம் வாங்கப் போனபோது அதிகாரி என்னைப் பார்த்துத்தான் பேசினார். செண்பகம் மேசையில் இரண்டு தட்டுத் தட்டி, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "நான். நான் படிக்க" என்றாள். அவர் படிவத்தை அவள் பக்கம் திருப்பினார். வாரம் மூன்று சாயங்காலம் வகுப்பு. துருக்கிப் பெண்கள், போலந்துப் பெண்கள், இவள். வீட்டில் அடுப்பு மேலும் அரிசி டப்பா மேலும் பெயர்ச் சீட்டுகள் முளைத்தன. உச்சரிப்பைத் திருத்த வாயெடுத்தால் கையைக் காட்டி நிறுத்திவிடுவாள்.

ஐந்தாவது வாரம் தானாகவே மாடி ஏறி ஹெல்காவின் கதவைத் தட்டினாள். அன்று என் கணவர் தப்பாகச் சொல்லிவிட்டார் என்று சொல்ல வேண்டும். அந்த மொழியில் தப்புக்கும் போலிக்கும் ஒரே சொல்; வாய் குழறி, "என் கணவர் போலி" என்று சொல்லிவிட்டாள். அதுவும் ஹெல்கா சிரித்த சிரிப்பும் கீழே எங்கள் வீட்டுச் சமையலறை வரை கேட்டன. செத்த நேரத்தில் செண்பகமும் சிரிப்பது கேட்டது. எதற்குச் சிரிக்கிறாள் என்று அவளுக்கு அப்போது தெரியாது; எனக்குத் தெரியும். மீனா சமையலறையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

ஹெல்கா ஒரு நாள் கழித்து வந்து என்னிடம் நேராகக் கேட்டார்: "உண்மையா?" "உண்மை" என்றேன். "கஷ்டமான ஆள் நீங்கள்" என்று சொல்லிவிட்டு, செண்பகத்தைத் தேடி உள்ளே போனார்.

அடுத்த வருஷம் ஊர் மண்டபத்தில் அவள் பதினைந்து நிமிஷம் நின்றாள். பிறகு பள்ளியில். பிறகு ஒரு சர்ச்சில். இன்று பக்கத்து ஊர். நான் எதற்கும் போனதில்லை. வீட்டிலும் நான் மாறவில்லை என்பதை எழுதிவிட வேண்டும். அவள் காகிதத் துண்டு வாங்குவதை நிறுத்தியபோது நான் வாங்கி வந்து என் அலமாரியில் ஒளித்து வைத்தேன். அவள் செய்வதையெல்லாம் நானும் செய்தால் அவள் ஜெயித்ததாக ஆகிவிடும் என்று தோன்றும். ஐம்பது வயதை நெருங்குகிறவன் பேசுகிற பேச்சா இது?

7

காலையில் ஆரம்பித்ததை இப்போது முடிக்கிறேன். அவர்கள் வந்துவிட்டார்கள். செண்பகத்துக்குத் தொண்டை கட்டிப் போய் கண் மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. காலை நீட்டி உட்கார்ந்து வெந்நீர் குடித்தாள்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"நல்லா இருந்துச்சு" என்றாள். அவ்வளவுதான்.

மீதியை மீனா சொன்னாள். வழக்கம்போல ஜெர்மனில்தான். ஐம்பது பேர் வந்திருந்தார்களாம். அம்மா இரண்டு இடத்தில் தடுமாறினாளாம், சேலைப் பையைக் காட்டியபோது கை தட்டினார்களாம். கடைசியில் ஒரு அம்மாள் எழுந்து, "உங்கள் வீட்டில் உங்கள் கணவரும் இதையெல்லாம் செய்வாரா?" என்று கேட்டாளாம்.

போலி என்று சொல்ல இப்போது அவளுக்கு வாய் குழற வேண்டியதில்லை. எல்லா வார்த்தையும் அவளிடம் இருக்கிறது.

"அம்மா என்ன சொன்னா?"

"'செய்வார். என்னைவிட நன்றாகச் செய்வார். ராஜபாளையத்தில் என் கணவரைத் தெரியாதவர்கள் கிடையாது' என்று சொன்னாள்" என்றாள் மீனா. பிறகு என்னைக் கூர்ந்து பார்த்து, "அவள் சொன்னதை மாற்றாமல் சொல்கிறேன்" என்றாள்.

நான் செண்பகத்திடம் திரும்பினேன். "ஏன் அப்படிப் பொய் சொன்ன?"

"பின்ன, அம்புட்டுப் பேரு முன்னாடி உங்களை விட்டுக் கொடுக்கச் சொல்லுதீங்களா?" என்றாள் கட்டிப்போன குரலில். பிறகு வெந்நீரை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "ஒண்ணு இருக்கு. அதைக் கேட்டதும் அந்தம்மா வந்து பாக்கணும்னாங்க. வரச் சொல்லிட்டேன். அடுத்த சனிக்கிழமை பன்னெண்டு பேர் வாராங்க. உங்ககிட்டதான் கேப்பாங்க."

"என்கிட்டயா?"

"உங்ககிட்டதான். நான் அடுப்படியில இருப்பேன்." எழுந்து படுக்கப் போய்விட்டாள்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஒரே ஒரு பொய்யை வைத்து ஒரு வாரத்தில் என்னை மாற்றப் பார்க்கிறாள். நான் சொன்ன பொய் அவளை எட்டு மாதம் படி துடைக்க வைத்தது. அவள் சொன்ன பொய் என்னை நல்லவனாக்கி உட்கார வைத்திருக்கிறது. பொய் சொல்வதில்கூட அவள் என்னை மிஞ்சிவிட்டாள். இதற்கும் பொறாமைப்பட்டேன். இதற்கு மேல் பொறாமைப்பட என்னிடம் ஒன்றுமில்லை.

சமையலறைக்குள் போனேன். நான் குடித்துவிட்டு வைத்திருந்த தேநீர்க் கோப்பையில் தேயிலைப் பொட்டலம் ஊறிக் கிடந்தது. வழக்கமாக அப்படியே ஏதாவது ஒரு தொட்டியில் எறிவேன். கையில் எடுத்தேன். தேயிலை காய்கறிக் கழிவோடு போகும், அது தெரியும். நுனியில் இருந்த அட்டை காகிதத்தோடு. நூல்? அட்டையையும் நூலையும் சேர்த்துப் பிடித்திருந்த அந்தப் பொடிக் கம்பி? பதினொரு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன்; எனக்குத் தெரியவில்லை. மூன்று தொட்டிக்கும் மஞ்சள் சாக்குக்கும் முன்னால் சொட்டச் சொட்ட அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மீனா தண்ணீர் குடிக்க வந்தாள். கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்டேன், தமிழில்.

"மீனா, இந்தக் கம்பி எதுல போடணும்?"

அவள் பதில் சொன்னாள். ஜெர்மனில்தான். ஆனால் பக்கத்தில் வந்து நின்று, என் கையிலிருந்து அதை வாங்கி, ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டிச் சொன்னாள்.